‘ப்ராட்சர்ச்’ கடைசி எபிசோடு: கொலைகாரனை அவ்வளவு சீக்கிரம் ஏன் காட்டிக்கொடுத்தார்கள்?

‘ப்ராட்சர்ச்’ என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரைப் பற்றி ஒருவர் அனுப்பிய கேள்வி இதுதான்: “ப்ராட்சர்ச் முதல் சீசன் இப்போதுதான் முடித்தேன். ஏழு எபிசோடு நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். எட்டாவதில் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் முழுக்க அழுகை. த்ரில்லரின் கடைசி எபிசோடு இப்படியா இருக்கும்? சொதப்பிவிட்டார்களா, எனக்குத்தான் புரியவில்லையா?”

இதற்குமேல் படித்தால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வெறும் எட்டு எபிசோடுதான், இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு வாருங்கள்.

சொதப்பவில்லை என்பது என் கருத்து. பதினைந்து வருடமாகச் சின்னத்திரைக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு கொலை ட்ராக்கை இருநூறு எபிசோடுக்கு இழுத்த பாவமும் என் கணக்கில் இருக்கிறது. அதனால் இந்த எட்டாவது எபிசோடைப் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமை.

கதையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பக்கம், ஒரு சின்னக் கடலோர ஊர். டேனி லாடிமர் என்ற 11 வயதுப் பையன் செங்குத்தான மஞ்சள் பாறைக்குக் கீழே மணலில் பிணமாகக் கிடக்கிறான். விசாரிக்க வருகிறவர் வெளியூர்க்காரரான அலெக் ஹார்டி. கூட இருப்பவர் உள்ளூர் போலீஸ் எல்லி மில்லர். எல்லிக்கு வந்திருக்க வேண்டிய பதவியில்தான் ஹார்டி உட்கார்ந்திருக்கிறார். டேனியின் அம்மா பெத், எல்லியின் தோழி. டேனியும் எல்லியின் மகன் டாமும் கூட்டாளிகள். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முதல் எபிசோடிலேயே டேனியின் அப்பா மார்க் காலையில் வேலைக்குப் போகும்போது கேமரா வெட்டே இல்லாமல் அவர் கூடவே தெருவில் நடக்கும். வழியில் ஒவ்வொருவராக வணக்கம் சொல்வார்கள். அந்த ஒரு ஷாட்டில் ஊரின் பாதியை நமக்கு அறிமுகம் செய்துவிடுகிறார்கள். பின்னால் யோசித்தால் சந்தேகப் பட்டியலையே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரியும்.

கொலைகாரன் ஜோ. எல்லியின் கணவன். முன்பு ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவன், இப்போது கைக்குழந்தை ஃப்ரெட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவன். மனைவி ராத்திரி களைத்து வந்தால் சாப்பாடு எடுத்து வைக்கிறவன்.

இந்த இடத்தில் என் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே “இப்ப என்ன சொல்றான்?” என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தவர். நான்காவது எபிசோடில் திடீரென்று, “அந்தப் போலீஸ்காரம்மா வூட்டுக்காரன் எதுக்குடா இவ்ளோ நல்லவனா இருக்கான்?” என்றார். நான் சிரித்தேன். “அம்மா, எல்லாரையும் சந்தேகப்படக் கூடாது” என்றுகூடச் சொன்னேன். வசனகர்த்தாவாம்.

அம்மா சொன்னதில் ஒரு தொழில் உண்மை இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் ஒரு ரகசியம் கொடுத்திருப்பார்கள். மார்க்குக்குக் கள்ளத் தொடர்பு. பேப்பர்க் கடை ஜாக் மார்ஷலுக்குப் பழைய சிறைத் தண்டனை. நாயோடு திரியும் சூசன் ரைட்டுக்கு வேறு பெயரில் ஒரு கடந்த காலம். பாதிரியாருக்குக் குடிப் பிரச்சினை. ரகசியமே இல்லாத ஒரே ஆள் ஜோ. கதையில் ரகசியம் இல்லாத ஆள் இருந்தால் ஒன்று அவன் தேவையில்லாத பாத்திரம், இல்லையென்றால் அவனுடைய ரகசியத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். அம்மா மாதிரி ஐம்பது வருடம் கதை பார்த்த கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும். 2013 ஏப்ரல் 22, திங்கட்கிழமை ராத்திரி ஐடிவி சேனலில் அந்த எபிசோடு ஓடியபோது, ஜோ என்று சரியாகச் சொன்னவர்கள் பிரிட்டனிலும் நிறையப் பேர் இருந்தார்கள். நடிகர்களில் பெரும்பாலோருக்கே கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தும், யூகிக்கிறவர்களைத் தடுக்க முடியவில்லை.

எழுதிய கிறிஸ் சிப்னலுக்கும் இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பார்ப்பவர்களில் கணிசமான பேர் யூகித்துவிடுவார்கள் என்று தெரிந்தால், பெயரைக் கடைசி நிமிடத்தில் வெடிக்கும் வெடியாக வைப்பது முட்டாள்தனம். யூகித்தவனுக்கு அது புஸ்வாணம். யூகிக்காதவனுக்கு ஐந்து நொடி அதிர்ச்சி, பிறகு எழுத்து ஓடும், டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவான். அதனால் அவர் பெயரைத் தூக்கி முன்னால் போட்டுவிட்டார். டேனியின் காணாமல்போன போன் உயிர் பெறுகிறது. சிக்னல் வரும் திசையில் ஹார்டி தனியாக நடந்து போகிறார். அது எல்லியின் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போகிறது. உள்ளே போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜோ. ஓட்டம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒளிந்து ஒளிந்து அலுத்துவிட்டது என்கிற மாதிரி நிற்கிறான்.

இந்த நிமிடத்திலிருந்து நமக்குத் தெரியும், எல்லிக்குத் தெரியாது. அதே நேரம் அவள் ஸ்டேஷனில், தப்பான ஆளைத் துருவிக்கொண்டு, கேஸ் முடியப்போகிறது என்ற தெம்பில் இருக்கிறாள். யார் கொலைகாரன் என்ற கேள்வி தீர்ந்தது, அவளிடம் எப்படிச் சொல்லப் போகிறார்கள் என்ற கேள்வி தொடங்கியது. எனக்கு நகத்தைக் கடிக்க வைத்தது இந்த இரண்டாவதுதான். முதல் ஏழு எபிசோடில் நான் கடித்ததெல்லாம் சும்மா.

அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், ஆனால் இந்த முறை ஹார்டியைப் பாருங்கள். வந்த நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது தனக்குப் பிடிக்காது என்று வெட்டிப் பேசிய ஆள். எப்போதும் “மில்லர்”தான். விசாரணை அறையில் அவளை உட்கார வைத்துவிட்டு “எல்லி” என்கிறார். அந்தப் பெயர் வாயிலிருந்து வந்த உடனேயே ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறார். எல்லி முதலில் நம்பவில்லை. தப்பு, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்கிறாள். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து, போக இடம் இல்லாமல், அறை மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து குமட்டுகிறாள். எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மனுக்கு அடுத்த வருடம் சிறந்த நடிகைக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. இந்த ஒரு மூலைக்கே கொடுத்திருக்கலாம்.

தொழில் முறையில் நான் கவனித்தது, கோல்மன் அங்கே நீளமாக எதுவும் பேசவில்லை என்பது. நம் சீரியலாக இருந்தால் அந்த இடத்தில் என்னிடம் இரண்டு பக்க வசனம் கேட்பார்கள். “பத்து வருஷம் உன்கூட வாழ்ந்தேனே” என்று தொடங்கி, மூன்று முகத்துக்கு மாறி மாறி க்ளோஸப், இடி சத்தம். நான் எழுதியும் கொடுப்பேன். வீட்டுக் கடன் இருக்கிறது.

சரி, உங்கள் “முழுக்க அழுகை” என்ற குறைக்கு வருகிறேன். அந்த அழுகைக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் முழு சீசனும் வேறு மாதிரி தெரியும்.

இறுதி எபிசோடுக்குச் சற்று முன்பு சூசன் ரைட்டைப் பிடித்து விசாரிக்கிறார்கள். அவள் கதை கொடூரமானது. அவள் புருஷன் பெற்ற பெண்களிடமே தப்பாக நடந்தவன், அதில் ஒருத்தி செத்தும் போனாள். தனக்கு எதுவும் தெரியாது என்கிறாள் சூசன். அதைக் கேட்ட எல்லிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உன் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது, உனக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கிறாள். நாமும் அவளோடு சேர்ந்து கேட்கிறோம். நியாயமான கேள்வி என்றுதான் தோன்றுகிறது.

அடுத்து, எட்டாவது எபிசோடில் பெத்தும் எல்லியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், கொன்றவனோடு படுத்து எழுந்தவள். பெத் கேட்பது அதே கேள்வி. உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு?

எல்லியிடம் பதில் இல்லை. சூசனிடமும் இருக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பதில் இல்லாமையைக் குற்றமாக எடுத்துக்கொண்டவள் எல்லிதான். நாமும்தான். ஒரு எபிசோடு இடைவெளியில் அதே கேள்வி திரும்பி வந்து கேட்டவள் நெஞ்சிலேயே பாய்கிறது. கொலைகாரன் பெயரைக் கடைசி நிமிடத்தில் சொல்லியிருந்தால் பெத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்க நேரமே இருந்திருக்காது.

இன்னொரு நூலும் இருக்கிறது, பலர் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஹார்டியின் பழைய கேஸ். சாண்ட்புரூக் என்ற ஊரில் முக்கியச் சாட்சிப் பொருள் ஒன்று காரிலிருந்து திருட்டுப் போய், குற்றவாளி தப்பித்துவிட்டான். பழி முழுக்க ஹார்டி மேல். உண்மையில் அது அவர் மனைவியின் காரிலிருந்து போனது. அவளும் போலீஸ். வேறொருவனோடு இருந்த நேரத்தில் நடந்தது. மகளுக்குத் தெரியக் கூடாதென்று ஹார்டி பழியைத் தான் சுமந்துகொண்டார். ஆக, எல்லியிடம் அந்தச் செய்தியைச் சொல்ல வருகிறவர், கூட வாழ்ந்தவரைத் தெரிந்துகொள்ளாமல் போனது எப்படி இருக்கும் என்று ஏற்கனவே அறிந்தவர். சீசன் முழுக்க அவர் எல்லியிடம் யாரையும் நம்பாதே என்று நச்சரித்ததெல்லாம் சிடுமூஞ்சித்தனம் என்று நினைத்தோம்.

துப்பு நியாயமாகக் கொடுத்தார்களா என்றும் சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது வழுக்கைத் தலை. ராத்திரியில் கடற்கரையில் உடலைப் போடுகிறவனைத் தூரத்திலிருந்து பார்த்த சூசன், அது தன் மகன் நைஜ் என்று நினைத்துவிடுகிறாள். நைஜுக்கும் மொட்டை மண்டை, ஜோவுக்கும் மொட்டை மண்டை. எட்டு எபிசோடும் இரண்டு தலைகளும் நம் கண் முன்னால் திரிகின்றன. டாம் தன் போனிலிருந்து டேனியின் செய்திகளை அழிப்பதும், கணினியைப் போட்டு உடைப்பதும் அந்த வீட்டைத்தான் காட்டுகின்றன. நாம் பையனைச் சந்தேகப்பட்டோம், பையனின் அப்பாவைப் பார்க்கவில்லை.

ஒரு ஓட்டை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஹார்டி அந்த வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தாலும், கேஸை முடித்து வைத்தது ஜோ தானாக ஆன் செய்த போன்தான். துப்பறிகிறவன் பிடிக்கவில்லை, திருடனே கதவைத் திறந்துவிட்டான். கறாரான துப்பறியும் கதை ரசிகருக்கு இது உறுத்தும். எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஜோ சொல்லும் காரணமும் மங்கலாகவே இருக்கிறது. அந்தப் பையன் மேல் தனக்குக் காதல், தொடவில்லை, கட்டிப்பிடித்துக்கொள்வது மட்டும்தான் என்கிறான். டேனி இனி வர மாட்டேன் என்றதும் நடந்தது கொலை. 11 வயதுப் பிள்ளைக்குப் பணமும் போனும் கொடுத்து ரகசியமாகச் சந்தித்ததற்கு அவன் வைக்கும் பெயர் காதல். கதை அந்தப் பெயரை ஏற்றுக்கொள்வதில்லை, மறுத்துப் பிரசங்கமும் செய்வதில்லை. அவன் வாயாலேயே சொல்ல விட்டுவிட்டு ஹார்டியின் முகத்தைக் காட்டுகிறது. அந்த மங்கல் சரிதான் என்று எனக்குப் படுகிறது. தெளிவாக விளக்கியிருந்தால் அவனுக்கு ஒரு கதை கிடைத்திருக்கும்.

பெயரை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவில் அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2014 அக்டோபரில் ஃபாக்ஸ் சேனலில் ‘கிரேஸ்பாயின்ட்’ என்று இதே கதையைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றி எடுத்தார்கள். பத்து எபிசோடு. அதிலும் துப்பறிகிறவர், இங்கே ஹார்டியாக நடித்த டேவிட் டெனன்டேதான், அமெரிக்க உச்சரிப்போடு. எல்லியாக அன்னா கன். தொடக்கம் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே. முடிவு மட்டும் வேறு என்று விளம்பரம். ஒரிஜினலைப் பார்த்தவர்களுக்கும் அதிர்ச்சி வேண்டுமாம். கடைசியில் ஜோதான் என்று காட்டிவிட்டு, அதற்கும் மேல் ஒரு முறுக்கு: டேனி சாகக் காரணம் டாம். அப்பா மேல் ஓங்கிய அடி தவறி நண்பன் மேல் பட்டுவிட்டது. மகனைக் காப்பாற்ற ஜோ பழியை ஏற்கிறான்.

விளைவைப் பாருங்கள். ஜோ திடீரென்று தியாகி ஆகிவிட்டான். கொலை விபத்து ஆகிவிட்டது. எல்லிக்கு முன்னால் இருக்கும் கேள்வி, மகனைக் காட்டிக்கொடுப்பதா மறைப்பதா என்று மாறிவிட்டது. அதுவும் நல்ல கேள்விதான், அதற்கு வேறொரு கதை எழுதியிருக்க வேண்டும். ஒன்பது எபிசோடு கட்டிக்கொண்டு வந்தது “எப்படித் தெரியாமல் போச்சு”க்கான மேடை. அதில் வேறு நாடகத்தைப் போட்டால் ஒட்டாது. ஒரே சீசனோடு கடை கட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கே முதுகு கூசுகிறது. சில வருடம் முன்னால் ஒரு சேனலில், பெயர் வேண்டாம், என் சீரியலில் ஒரு கொலை ட்ராக். கொன்றது சித்தப்பா. அறுபது எபிசோடாக விதைத்திருந்தேன். வீட்டில் யார் எதைத் தேடினாலும் அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும், அவ்வளவு அன்பான மனுஷன். கமென்டில் இரண்டு பேர் “சித்தப்பாதான்” என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் மீட்டிங். “யூகிச்சுட்டாங்க சார், மாத்துங்க.” ஒன்லைனைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரைவரைக் கொலைகாரன் ஆக்கினோம். டிரைவருக்கு அதுவரை இரண்டே வசனம், ஒன்று “வண்டி ரெடிங்கய்யா”. பாவம், அந்த நடிகர் அன்று காலை செட்டுக்கு வந்துதான் தான் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டார். ரேட்டிங் அந்த வாரம் நன்றாகவே வந்தது. அடுத்த வாரம் எங்கள் தெரு மளிகைக் கடை அக்கா பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, “ஏன் தம்பி, அந்தச் சித்தப்பா அன்னிக்குப் பூஜை ரூம்ல அழுதாரே, அது எதுக்கு?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பார்க்கிறவர்கள் யூகித்தால் விதை முளைத்திருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு அப்போதே தெரியும். மீட்டிங்கில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. டென்மார்க்கின் ‘ஃபோர்பிரிதல்சன்’ (2007) ஒரே கொலையை இருபது எபிசோடு விசாரித்து, முடிவில் குடும்பத்துக்கு ரொம்ப நெருக்கமான ஆளைக் கைகாட்டியது. கிட்டத்தட்ட ப்ராட்சர்ச்சுக்கு அக்கா முறை. அதை அமெரிக்காவில் ‘தி கில்லிங்’ என்று எடுத்தபோது, 2011இல் முதல் சீசன் கடைசி எபிசோடு வரை இழுத்துவிட்டு, கொலைகாரன் யார் என்று சொல்லாமலே முடித்தார்கள். பதில் அடுத்த சீசனில். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, காசு வாங்கிக்கொண்டு சோறு போடாத கோபம் அது.

‘லைன் ஆஃப் டியூட்டி’ விஷயம் வேறு, அது எனக்கு இன்னும் மனதில் கிடந்து உருளுகிறது. போலீஸுக்குள் இருக்கும் கறுப்பு ஆடுகளைப் பிடிக்கும் ஏசி-12 என்ற பிரிவின் கதை. ‘எச்’ என்ற மறைமுகத் தலைவன் யார் என்று பிரிட்டனே வருடக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. 2021 மே 2ஆம் தேதி, ஆறாவது சீசன் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1.28 கோடி பேர். முகத்தைக் காட்டாமல் ஒரு கைதியை அழைத்து வருகிறார்கள், இசை ஏறுகிறது, உள்ளே வந்து உட்காருவது இயன் பக்கல்ஸ். முதல் சீசனிலிருந்தே வந்துபோகும், யாரும் பொருட்படுத்தாத, மந்தமான அதிகாரி. ஒரு ஆங்கில வார்த்தையை எப்போதும் ஒரே எழுத்துப் பிழையோடு எழுதும் பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறான். மறுநாள் பிரிட்டன் முழுக்க ஏமாற்றம். இதுக்கா இத்தனை வருஷம்?

எழுதிய ஜெட் மெர்குரியோ சொல்ல வந்தது அருமையான விஷயம். பெரிய மூளைக்காரன் ஒருவன் மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கவில்லை, ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன் கண்டுகொள்ளப்படாமல் பதவி உயர்ந்து உயர்ந்து அங்கே வந்துவிட்டான். நம் அரசு அலுவலகங்களில் ஒரு முறை கையெழுத்துக்காக நின்றவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அதைச் சொன்ன முறை? வருகிறான் வருகிறான் என்று மேளம் அடித்து, திரையை விலக்கி, பக்கல்ஸைக் காட்டினால் சபை என்ன செய்யும்? சப்பென்று போகத்தான் செய்யும். அதே பக்கல்ஸை ப்ராட்சர்ச் மாதிரி முதல் கால்மணியில் உட்கார வைத்துவிட்டு, “இத்தனை வருடம் இவன் எங்கள் கண் முன்னால்தான் இருந்தான், எங்களுக்கு எப்படித் தெரியாமல் போச்சு” என்று ஏசி-12 ஆட்களை ஒரு மணி நேரம் குமைய விட்டிருந்தால், அந்தப் பதிலே இடியாக இறங்கியிருக்கும்.

ப்ராட்சர்ச்சுக்கே திரும்பிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இரண்டாவது சீசன் பார்க்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எட்டாவது எபிசோடில் ஒரு நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜோவைப் பார்க்க எல்லியை அனுமதிக்கிறார்கள். அவள் கட்டுப்பாடு இழந்து அவனை உதைக்கிறாள், மற்றவர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். பார்க்கும்போது நம் கையும் சேர்ந்து ஓங்குகிறது. 2015இல் வந்த அடுத்த சீசன் தொடங்குவதே ஜோ நீதிமன்றத்தில் நான் குற்றவாளி இல்லை என்று சொல்வதில்தான். எல்லி உதைத்ததைக் காட்டி அவன் வக்கீல் ஒப்புதல் வாக்குமூலத்தையே தள்ளுபடி செய்ய வைத்துவிடுகிறார். அவன் விடுதலையும் ஆகிறான். அடி விழுந்தது வாக்குமூலத்துக்குப் பிறகுதானே, அதை எப்படித் தள்ளுபடி செய்யலாம் என்று அங்கே பலர் முணுமுணுத்தார்கள், எனக்கும் அது இடித்தது. நம் ஊரில் இந்தப் பிரச்சினையே எழாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவிலிருந்தே செல்லாது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அப்படித்தான். ஹார்டி இங்கே வேலை பார்த்திருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் போனை வைத்துக்கொண்டுதான் கேஸை நடத்தியிருக்க வேண்டும்.

ஜாக் மார்ஷலையும் மறந்துவிடாதீர்கள். அவர் பழைய தண்டனையைப் பத்திரிகை தோண்டியெடுத்தது, ஊரே சேர்ந்து அவரைத் துரத்தியது, அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நடித்த டேவிட் பிராட்லிக்குத் துணை நடிகர் பாஃப்டா கிடைத்தது. இறுதி எபிசோடில் அவரைப் பற்றி யாரும் நீளமாகப் பேசுவதில்லை, ஆனால் கொட்டகையில் ஜோவைப் பார்த்த கணத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கிழவர் முகம்தான். ஊரார் அவர் கடை வாசலில் கூச்சல் போட்ட நாட்களில், உண்மை தெரிந்த ஒருவன் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

கடைசிப் பகுதிதான் உங்களுக்கு இழுவையாகத் தெரிந்திருக்கும். இருட்டில் கரையோரமாக ஒவ்வொரு இடத்தில் டேனிக்காகத் தீ ஏற்றுகிறார்கள், ஓலாஃபர் ஆர்னால்ட்ஸின் இசை மெல்ல எழுகிறது. ஹார்டியும் எல்லியும் ஒரு பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறுதலாக ஒன்றும் சொல்லத் தெரியாத ஒரு மனுஷன், ஆறுதலை வாங்கும் நிலையில் இல்லாத ஒரு பெண். அதற்கு முன்னால் எல்லி டாமிடம் அப்பா செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் இனி இருக்க முடியாது, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விடுதி அறைக்குப் போகிறாள்.

என் அம்மா ஜோ பிடிபட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன் பார் என்றுகூடச் சொல்லவில்லை. அவரைக்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் புள்ளைங்க ரெண்டும் இன்னிக்கி ராத்திரி எங்கடா படுக்கும்?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் திரையில் விடுதி அறை வந்தது. ஃப்ரெட் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.